வீட்டுக்கு அடியில் இருக்கும் மண்: கோலார் தங்கவயலும் ‘ஏற்றுக்கொள்ளப்படுதல்’ என்னும் கேள்வியும்



அயோத்திதாசப் பண்டிதரின் நினைவில் நிகழும் இந்தப் பேருரையில், ஊரைவிட்டுப் போன நம் மக்களைப் பற்றிப் பேச விரும்புகிறோம். பண்டிதரே இடம்பெயர்ந்து வாழ்ந்தவர். அவருடைய இளமை நீலகிரியில் கழிந்தது. அமைப்பு கட்டும் வேலையையும் அங்கேதான் தொடங்கினார். பின்னர் சென்னை இராயப்பேட்டையில் 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். அந்தச் சங்கம் சென்னைக்கு வெளியே ஆழமாக வேர்விட்ட இடங்களுள் முதன்மையானது, அன்றைய மைசூர் சமஸ்தானத்தில் இருந்த கோலார் தங்கவயல். அங்கே அதை வளர்த்தவர்கள் தமிழ் மாவட்டங்களின் சேரிகளிலிருந்து பிழைக்கப் போனவர்கள்.

சென்ற ஆண்டு கல்லூரிச் சேர்க்கை நேரத்தில் ஒரு மாணவி நம்மைத் தேடி வந்தார். அவருடைய பெற்றோர் திருவண்ணாமலை மாவட்டத்திலிருந்து 1990களில் கட்டட வேலைக்காகப் பெங்களூரு போனவர்கள். அவர் பிறந்ததும் படித்ததும் அங்கேதான். கன்னடம் நன்றாகப் பேசுவார், எழுதுவார். அங்குள்ள ஓர் அலுவலகத்தில் சாதிச் சான்றிதழ் கேட்டபோது, “அப்பாவின் மாநிலத்துக்குப் போ” என்று சொல்லியிருக்கிறார்கள். இங்குள்ள ஓர் அலுவலகத்தில், “நீ இங்கே குடியிருக்கவே இல்லையே” என்றிருக்கிறார்கள். வாடகைக்கு வீடு தேடியபோது மட்டும் யாரும் சான்றிதழ் கேட்கவில்லை. இரண்டே கேள்விகளில் சாதியைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அந்தப் பெண்ணின் கேள்வி எளிமையானது: “நான் எந்த ஊர்க்காரி?” இந்த உரை அந்தக் கேள்விக்கு வரலாற்றின் வழியாகப் பதில் தேடும் முயற்சி.

சொந்த ஊர் என்ற சொல்

இடம்பெயர்வைப் பற்றிய பாடங்களில் ஒரு வரிசை உண்டு. ஒருவர் சொந்த ஊரைவிட்டு வருகிறார். புதிய இடத்தில் அந்நியராக நிற்கிறார். மொழியைக் கற்கிறார், பழகுகிறார். கடைசியில் உள்ளூர் மக்கள் அவரை ஏற்றுக்கொள்கிறார்கள். முதுகலைச் சமூகவியல் வகுப்பில் நாமும் இதைப் படித்துத்தான் தேர்வு எழுதினோம். நம் தாத்தா பாட்டிகளின் கதையை அதில் வைத்துப் பார்த்தால் முதல் படியிலேயே இடறுகிறது. அவர்கள் விட்டுப்போன ஊர் அவர்களுக்குச் சொந்த ஊராக இருந்ததா?

1843ஆம் ஆண்டுச் சட்டம் அடிமை முறைக்கு நீதிமன்றத்தில் இடமில்லை என்று ஆக்கியது. ஆனால் படியாளும் பண்ணையாளும் அப்படியேதான் இருந்தார்கள். அரை நூற்றாண்டு கழித்து, செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் அந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். 1892 செப்டம்பர் 30 அன்று வந்த 1010ஆம் எண் அரசாணைக்கும், நாம் இன்றும் மீட்கப் போராடிக்கொண்டிருக்கும் பஞ்சமி நிலங்களுக்கும் அடிப்படை அந்த அறிக்கைதான். அதில் நாம் மறக்கக் கூடாத ஒரு செய்தி இருக்கிறது. சேரியில் குடிசை நின்ற மனையைக்கூட மிராசுதார்கள் தம்முடையது என்று உரிமை கொண்டாடினார்கள். கூலி போதவில்லை என்று சொன்னாலோ, வேறு ஆளிடம் வேலைக்குப் போனாலோ, குடிசையைப் பிரித்துக்கொண்டு போகச் சொல்ல அவர்களால் முடிந்தது.

பல தலைமுறைகளாக அதே சேரியில் பிறந்து அதே சுடுகாட்டில் எரிந்தவர்களுக்கு வீட்டுக்கு அடியில் இருந்த மண் சொந்தமில்லை. ஊர்க்கிணறு அவர்களுக்கு இல்லை, ஊர்த்தெரு இல்லை. ‘ஊர்’ என்ற சொல்லே சேரியை வெளியே நிறுத்திவிட்டுத்தான் பொருள் தந்தது. அரசமைப்பு அவையில் 1948 நவம்பரில் அண்ணல் அம்பேத்கர் கிராமத்தைப் பற்றி அவ்வளவு கடுமையாகப் பேசியதற்குப் பின்னால் இந்த அனுபவம் இருந்தது. பிறந்த இடத்திலேயே ஏற்றுக்கொள்ளப்படாத ஒருவர் போன இடத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்டாரா என்று கேட்பதற்கு முன்னால், ‘ஏற்பு’ என்றால் என்ன என்று நாம் கேட்டாக வேண்டும்.

தங்கவயலுக்குப் போனவர்கள்

1876 முதல் 1878 வரையிலான பெரும் பஞ்சம் சேரிகளைத்தான் முதலில் தின்றது. உயிர் பிழைத்தவர்களில் பலர் கப்பலேறி இலங்கைக்கும் பர்மாவுக்கும் போனார்கள். சில ஆண்டுகளில் இன்னொரு வழி திறந்தது. இலண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் நிறுவனம் 1880இல் கோலாரில் இறங்கியது. சாம்பியன் ரீஃப், மைசூர், ஊரிகம், நந்திதுர்கம் என்று சுரங்கங்கள் வரிசையாக ஆழம் போயின. வட ஆற்காடு, சித்தூர், சேலம் பகுதிகளிலிருந்து மேஸ்திரிகள் வழியாகவும் உறவுக்காரர் பின்னாலும் ஆட்கள் போனார்கள். நிலத்தடி வேலைக்குப் போன தமிழர்களில் மிகப் பெரும்பாலோர் பறையர்கள். சுரங்கங்கள் செழித்த காலத்தில் தொழிலாளர் எண்ணிக்கை இருபதாயிரத்தைத் தாண்டியது.

சுற்றியிருந்த கிராமங்கள் தெலுங்கும் கன்னடமும் பேசின. அங்கே நிலம் வைத்திருந்தவர்கள் பாறைக்கு அடியில் இறங்க வரவில்லை. மேற்பார்வை வேலையில் கார்ன்வாலிலிருந்து வந்த வெள்ளையரும் ஆங்கிலோ இந்தியரும் இருந்தார்கள். காவலுக்குப் பஞ்சாபியர்கள். வெடி வைக்கவும், பாறை உடைக்கவும், டப்பா வண்டி தள்ளவும் நம்மவர்கள். சாம்பியன் ரீஃப் கடைசியில் மூன்று கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்துக்குப் போனது. அந்த ஆழத்தில் பாறையே வெப்பம் கக்கும். அழுத்தம் தாங்காமல் சுவர் வெடித்துச் சிதறும். தப்பியவர்களை நுரையீரலில் படிந்த கல்தூசு மெதுவாகக் கொன்றது.

1902இல் சிவனசமுத்திரத்திலிருந்து ஏறக்குறைய 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்துத் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். இந்தியாவின் தொழில் வரலாற்றில் இதைப் பெருமையாக எழுதுவார்கள். அந்த மின்சாரம் வந்தது இயந்திரங்களுக்கு. தொழிலாளர்கள் லைன்களில், மூங்கில் தட்டி வீடுகளில் இருந்தார்கள்.

இவ்வளவு இருந்தும் போனவர்கள் ஏன் திரும்பவில்லை? மாதக் கூலி பணமாகக் கையில் வந்தது என்பது ஒரு காரணம். தோளில் துண்டு போட்டுக்கொண்டு தெருவில் நடக்க முடிந்தது என்பது இன்னொரு காரணம். ஒரே கூண்டில் தோளோடு தோள் உரசி இறங்கியவர்களுக்கு நடுவே தீண்டாமையைக் கிராமத்தில்போல நடத்திக்காட்ட முடியவில்லை. இதை நாம் மிகைப்படுத்தக் கூடாது. சாதி தங்கவயலுக்கும் வந்தது. லைன்களிலும் கோயில்களிலும் கல்யாணங்களிலும் இருந்தது. ஆனால் மிராசுதார் வரவில்லை. அந்த ஒரு வேறுபாடு ஒரு தலைமுறையை நிமிர வைத்தது.

மாரிக்குப்பத்தில் ஒரு சங்கம்

1907 இரண்டு வகையில் நமக்கு முக்கியமான ஆண்டு. சென்னையில் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழைத் தொடங்கினார். தங்கவயலின் மாரிக்குப்பத்தில் எம்.ஒய். முருகேசர் முதலானோர் முயற்சியில் சாக்கிய பௌத்த சங்கக் கிளை உருவானது. தங்கவயல் அந்த இதழுக்கு வாசகர்களைத் தந்தது, எழுதுவோரைத் தந்தது, பொருளுதவியும் தந்தது. பண்டிதர் 1914இல் மறைந்து ‘தமிழன்’ நின்றுபோன பிறகு, ஜி. அப்பாதுரையார் 1926இல் அதைத் தங்கவயலிலிருந்து மீண்டும் கொண்டுவந்தார். பண்டிதரின் எழுத்துகள் நம் கைக்கு வந்து சேர்ந்ததில், சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் புத்தகம் அச்சிட்ட தங்கவயல் தொழிலாளர்களின் பங்கு பெரிது.

புதிய இடத்தில் குடியேறியவர்கள் வழக்கமாக இரண்டில் ஒன்றைச் செய்வார்கள் என்று சொல்லப்படுகிறது. உள்ளூர் வழக்கத்தைப் பின்பற்றி அதில் கரைவார்கள். இல்லையேல் விட்டு வந்த ஊரின் கோயிலையும் திருவிழாவையும் அப்படியே கொண்டுவந்து வைத்துக்கொள்வார்கள். தங்கவயலின் பௌத்தர்களுக்கு இரண்டும் உதவாது. விட்டு வந்த ஊரின் வழக்கம் அவர்களை இழிந்தவர்கள் என்றது. வந்த இடத்தின் வழக்கமும் அதையே வேறு மொழியில் சொன்னது. அவர்கள் மூன்றாவதாக ஒன்றைச் செய்தார்கள். புரோகிதர் இல்லாத திருமணம், பௌத்த முறையில் அடக்கம், வாசிப்பு, சொற்பொழிவு, அச்சகம் என்று தமக்கென ஒரு பொதுவாழ்க்கையைக் கட்டினார்கள்.

பண்டிதரின் ‘பூர்வ பௌத்தர்’ என்ற கருத்தை நாம் பல கோணங்களில் விவாதித்திருக்கிறோம். வரலாற்றுச் சான்றாக அது எவ்வளவு நிற்கும் என்ற விவாதமும் தேவையானதுதான். தங்கவயலில் அந்தச் சொல் செய்த வேலையை மட்டும் இங்கே பார்ப்போம். ஊரில் சேரியான், இங்கே வந்தேறி என்று இரண்டு இடத்திலும் வெளியே நிறுத்தப்பட்டவர்களிடம் அது, நீங்கள் இந்த மண்ணுக்கு முந்தியவர்கள் என்று சொன்னது. பழைய குடிக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டிய தேவையில்லை.

பதிவேடும் கைரேகையும்

ஏற்பு என்பது மனிதர்களுக்கு இடையில் மட்டும் நடப்பதில்லை. அது பதிவேடுகளிலும் நடக்கிறது. 1930 ஏப்ரலில் தங்கவயல் தொழிலாளர்கள் நிலத்தடிக்கு இறங்க மறுத்தார்கள். தொழிலாளர்களைப் பதிவு செய்து கைரேகை எடுக்கும் ஏற்பாடு வந்ததுதான் காரணம். கைரேகை எடுப்பது குற்றவாளிகளிடம் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஐம்பது ஆண்டுகள் பாறைக்குள் உயிர் கொடுத்தவர்களின் விரலைக் கம்பெனி மைக்குள் அழுத்தப் பார்த்தது. வேலைநிறுத்தம் மூன்று வாரம் போல நீடித்தது. கூலி உயர்வைவிட மானத்தை முன்வைத்து எழுந்த பெரும் போராட்டங்களில் அதுவும் ஒன்று.

1946இல் பொதுவுடைமைத் தோழர்கள் முன்னின்ற சங்கத்தின் போராட்டத்தில், நவம்பர் 4 அன்று காவல்துறைத் தாக்குதலில் ஆறு தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். தங்கவயல் அவர்களை இன்றும் நினைவுகூர்கிறது. இறந்தவரைப் புதைக்கவும் ஆண்டுதோறும் போய் நிற்கவும் ஓர் இடம் கிடைத்துவிட்டால், அந்த ஊரை இனிப் பிழைக்க வந்த இடம் என்று சொல்ல முடியாது.

நாடு விடுதலையடைந்த பின் 1957 தேர்தலில், அம்பேத்கர் வழிவந்த பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் சி.எம். ஆறுமுகம் தங்கவயலிலிருந்து மைசூர் சட்டமன்றத்துக்குப் போனார். பிறகு வந்த பல தேர்தல்களிலும் குடியரசுக் கட்சி அங்கே வலுவாக நின்றது. தமிழ் பேசும் தலித்துகள் இன்னொரு மொழி மாநிலத்தின் சட்டமன்றத்தில் தங்கள் பெயரில் பேசினார்கள். ஒருவர் ஏற்றுக்கொண்டதால் அது நடக்கவில்லை. வாக்குச்சீட்டு இருந்ததால் நடந்தது.

உள்ளூர்க்காரர் யார்?

‘உள்ளூர் மக்கள்’ என்ற சொல்லை இதுவரை நாம் ஓர் ஒற்றைக் கூட்டம்போலப் பேசி வந்தோம். அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

2000 மார்ச் 11 அன்று, அப்போது கோலார் மாவட்டத்தில் இருந்த கம்பாலபள்ளியில் ஏழு தலித்துகள் வீட்டுக்குள் வைத்து எரித்துக் கொல்லப்பட்டார்கள். இறந்தவர்கள் வெளியூரிலிருந்து வந்தவர்கள் இல்லை, அந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். அந்த ஊரின் மொழி, அவர்களுடைய மொழி. 2006இல் விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. 2014இல் உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

வெண்மணியையும் மேலவளவையும் அறிந்த நமக்கு இது புதிதில்லை. பிறந்த மண், தாய்மொழி, தலைமுறைத் தொடர்ச்சி என்று உள்ளூர்க்காரருக்குச் சொல்லப்படும் எல்லாத் தகுதிகளும் இருந்தும் தலித்துக்கு அவை காப்பாக இருந்ததில்லை. எனவே தங்கவயல் தமிழரை உள்ளூர்க்காரர் ஏற்றார்களா என்று யாராவது கேட்டால், எந்த உள்ளூர்க்காரர் என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டும். கோலார் மண்ணின் ஹொலெயரும் மாதிகரும் இதே கதவுக்கு வெளியேதான் நின்றார்கள். கர்நாடகத்தின் தலித் இயக்கம் 1970களில் எழுந்தபோது கோலார் அதன் வலுவான களங்களில் ஒன்றாக இருந்தது. தங்கவயலின் தமிழ்ப் பௌத்தர்களுக்கும் அந்த இயக்கத்துக்கும் நடுவே மொழி ஒரு சுவராக நின்றதை நம் தரப்புக் குறையாகவும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினையை ஒட்டிப் பெங்களூருவில் தமிழர்கள் தாக்கப்பட்டபோது அதிகம் இழந்தவர்கள் குடிசைப் பகுதிகளில் இருந்த கூலிகள். அவர்களில் நம் மக்கள் கணிசமானவர்கள். அன்று அவர்களை அடித்தது மொழியின் பெயரால். அவர்கள் அந்தக் குடிசைக்குப் போய்ச் சேர்ந்ததோ சாதியின் காரணத்தால். இரண்டாவது உண்மையை இரு மாநிலங்களின் மொழிப் பெருமைக்காரர்களும் பேசவில்லை.

சுரங்கம் மூடிய பிறகு

சுரங்கங்கள் 1956இல் மைசூர் அரசின் கைக்கும், 1962இல் ஒன்றிய அரசின் கைக்கும் போயின. 1972 முதல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் என்ற பெயர். 2001 பிப்ரவரி 28 அன்று அவை மூடப்பட்டன. நூற்றிருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கம் வெளியே போயிருந்தது. மிஞ்சியது, மக்கள் சயனைடு மலை என்று அழைக்கும் கழிவு மேடுகள். காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தூசு இன்றும் வீட்டுக்குள் வந்து படிகிறது.

அப்போது பழைய கேள்வி திரும்பி வந்தது. லைன் வீடுகள் கம்பெனியின் சொத்து. நான்கு தலைமுறையாக இருந்தவர்களுக்கு வீட்டுப் பட்டா இல்லை. செங்கல்பட்டு மிராசுதார் சேரி மனையைப் பற்றிச் சொன்ன அதே சொல்லை, நூறு ஆண்டு கழித்து ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் கணக்குப் புத்தகம் சொன்னது. வீட்டுரிமைக்கும் நிலுவைத் தொகைக்குமான போராட்டம் ஆண்டுகளாக இழுபட்டது. மாரிக்குப்பத்திலிருந்து அதிகாலை ரயிலேறிப் பெங்களூருக்குப் போய், இரவில் திரும்பும் வாழ்க்கை ஊரின் பொது வாழ்க்கையானது. உலர் கழிப்பறைகளை மனிதர் கையால் அள்ளும் கொடுமை சுரங்கம் மூடிப் பத்தாண்டு கழிந்த பின்னும் அங்கே தொடர்ந்தது.

2018இல் வந்த ‘கேஜிஎஃப்’ படம் அந்த ஊரின் பெயரை நாடெங்கும் கொண்டுபோனது. அந்த ஊரின் மக்களைக் கொண்டுபோகவில்லை. 2024இல் வந்த ‘தங்கலான்’ வட ஆற்காட்டுச் சேரியிலிருந்து தங்கத்தைத் தேடிப் போனவர்களைத் திரையில் நிறுத்தியது. ஒரு பட்டா செய்யும் வேலையைத் திரைப்படத்தால் செய்ய முடியாது. ஆனால் அந்தப் பட்டாவை ஏன் கேட்கிறோம் என்று ஊருக்குச் சொல்ல அதனால் முடியும்.

சாதி கூடவே வரும், உரிமை வராது

இப்போது அந்த மாணவியிடம் திரும்புவோம். அரசமைப்பின் 341ஆம் கூறு பட்டியல் சாதிகளை மாநிலவாரியாக அறிவிக்கிறது. முதல் ஆணை வந்தது 1950 ஆகஸ்டில். ஒரு மாநிலத்தின் பட்டியல் சாதியினர் இன்னொரு மாநிலத்தில் குடியேறினால் அங்கே அந்தத் தகுதியைக் கோர முடியாது என்று உச்சநீதிமன்றம் 1990இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் சொன்னது. 2018இல் பீர் சிங் வழக்கின் அரசமைப்பு அமர்வு அதை உறுதிசெய்தது. இரண்டு மாநிலப் பட்டியலிலும் சாதியின் பெயர் ஒன்றாகவே இருந்தாலும் விதி இதுதான்.

இதனால் ஒரு விசித்திரமான கோடு விழுந்திருக்கிறது. 1890இல் தங்கவயலில் இறங்கியவரின் கொள்ளுப்பேத்தி கர்நாடகத்தின் பட்டியலில் ஆதி திராவிடராக இடம் பெறுகிறார். 1990களில் பெங்களூருக்குப் போன கொத்தனாரின் மகள் அங்கே இடம் பெறுவதில்லை. ஒன்றிய அரசு நிறுவனங்களில் தந்தையின் மாநிலச் சான்று செல்லும் என்பதைக் கூட அந்த மாணவியிடம் எந்த அலுவலகமும் எடுத்துச் சொல்லவில்லை. இன்னொரு கோடும் உண்டு. 1950 ஆணை இந்துக்களை மட்டுமே ஏற்றது. 1956இல் சீக்கியர் சேர்க்கப்பட்டார்கள். பௌத்தர்கள் சேர 1990 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மதம் என்ற கட்டத்தில் பௌத்தம் என்று நேர்மையாக எழுதிய முருகேசரின் வழித்தோன்றல்களுக்கு நாற்பது ஆண்டுகள் அந்தப் பட்டியலில் இடமில்லை. ஏற்றுக்கொள்ளப்பட வேண்டுமானால் பழைய பெயருக்குள் திரும்பி வா என்றது பதிவேடு.

ஒவ்வொரு மாநிலமும் தன் மண்ணின் தலித்துகளுக்குரிய இடங்களைக் காக்க நினைப்பதில் நியாயம் இருக்கிறது; அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒரு மாநிலத்தில் பிறந்து, பள்ளி முழுவதையும் அங்கேயே முடித்த பிள்ளையை எந்த மாநிலமும் தன் பிள்ளை என்று எழுத மறுப்பதில் எந்த நியாயமும் இல்லை. குடிபெயர்ந்த பெற்றோருக்கு அங்கே பிறந்த பிள்ளைகளைக் கணக்கில் எடுக்கும் சட்டத் திருத்தத்தை நம் இயக்கங்கள் இரு மாநிலங்களிலும் சேர்ந்து கேட்க வேண்டும்.

இப்போது நாம் உள்ளூர்க்காரர்கள்

கடைசியாக, நமக்குச் சங்கடமான ஒரு செய்தி. திருப்பூரின் பனியன் கம்பெனிகளிலும், சென்னையின் மெட்ரோ குழிகளிலும் இன்று இறங்குபவர்கள் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருகிறார்கள். அவர்களில் தலித்துகளும் பழங்குடிகளும் நிறைய. ‘வடக்கன்’ என்ற சொல் நம் காலனித் தெருக்களிலும் புழங்குகிறது. 2023 மார்ச்சில் பரவிய பொய்யான காணொளிகளைக் கண்டு ஆயிரக்கணக்கானவர்கள் அஞ்சிப் போனார்கள். ஒரு பொய்யை அவர்கள் அவ்வளவு எளிதாக நம்பினார்கள் என்றால், நம்மிடையே எவ்வளவு பாதுகாப்பின்றி உணர்ந்திருக்க வேண்டும்? கூலி குறைகிறது என்ற நம் தொழிலாளரின் கவலை உண்மையானது. அந்தக் கவலைக்குக் காரணம் குறைந்த கூலிக்கு ஆள் பிடிக்கும் முதலாளி. ஊரிலிருந்து துரத்தப்பட்டு வந்த இன்னொரு சேரிக்காரர் மீது அந்தக் கணக்கை எழுதக் கூடாது.

தங்கவயல் நமக்குக் கற்றுத்தந்ததைச் சுருக்கிச் சொல்லலாம். ஏற்பு என்பது சிரித்த முகமும் கற்றுக்கொண்ட மொழியும் மட்டும் இல்லை. வீட்டுக்கு அடியில் இருக்கும் மண் யார் பெயரில் இருக்கிறது, பதிவேட்டில் பிள்ளையின் பெயர் எங்கே எழுதப்படுகிறது, இறந்தவரை எங்கே புதைக்கிறார்கள் என்ற மூன்று கேள்விகளுக்குக் கிடைக்கும் பதில்தான் ஏற்பு. நாம் போன இடங்களில் இந்த மூன்றையும் போராடித்தான் பெற்றோம், பெறாமலும் விட்டோம். நம்மிடம் வந்தவர்களுக்காக இந்த மூன்றையும் கேட்கும் பொறுப்பு நம் சங்கங்களுக்கு இருக்கிறது.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் தங்கவயலுக்கோ, தாராவிக்கோ, தேயிலைத் தோட்டத்துக்கோ போனவர்கள் இருந்தால், அவர்களுடைய வேலைச் சீட்டு, சங்க ரசீது, பழைய படம், எதுவானாலும் தூக்கி எறியாதீர்கள். பெயரையும் ஆண்டையும் கேட்டு எழுதி வையுங்கள். பண்டிதரின் எழுத்து இன்று நம் கையில் இருப்பதற்குக் காரணம், ஒரு சுரங்க லைனில் யாரோ சிலர் பழைய இதழ்களைப் பத்திரமாக வைத்திருந்ததுதான்.

அந்த மாணவி இப்போது சான்றிதழுக்கு மேல்முறையீடு செய்திருக்கிறார். நாமும் கூடப் போய் வருகிறோம்.

ஜெய்பீம்.